சிவப்புதான் மைனஸ்

கம்பெனி வேன் இரண்டாவது சிக்னலில் நின்றபோதுதான் என் தப்பு எனக்குப் புரிந்தது.

காலையில் என் சால்டரிங் ஸ்டேஷனைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானே செய்தது. பழைய லேப்டாப் சார்ஜர், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு டப்பா, பேனா போலப் பிடித்துக் கம்பிகளைப் பற்றவைக்கும் அயர்ன், அதன் நுனியின் சூட்டைக் காட்ட ஒரு டிஸ்ப்ளே. "இதுக்குக் கடையிலயே ஒண்ணு வாங்கியிருக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாள் கிடையாது. அவர் லாரியோடு வெளியூர் போயிருந்ததால் அன்று அந்தப் பாட்டு இல்லை.

மாமனாரின் காது மிஷினில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. அதைப் பற்றவைக்கலாம் என்றால் அயர்னின் சூட்டை அளக்கும் சென்சார் அறுந்து கிடந்தது. புதிதாக ஒன்றைப் பொருத்தி, அவசர அவசரமாக ஸ்விட்சைப் போட்டேன். முதலில் அறையின் சூட்டை, முப்பது என்று காட்டியது. அடுத்து ஏற வேண்டிய எண் ஏறவில்லை. இருபத்தாறு என்றது. "ஹீட்டரும் போச்சா, சனியனே" என்று திட்டிவிட்டு, அயர்னை ஸ்டாண்டில்கூடச் செருகாமல், காது மிஷினைப் பிரித்து வைத்திருந்த துணியின் மேலேயே போட்டேன். வாசலில் வேன்காரர் ஹாரனை அடித்துக் கிழித்தார். சூடே ஏறாததை அணைத்தால் என்ன, விட்டால் என்ன? ஓடிவந்துவிட்டேன். மாமா குளித்துக்கொண்டிருந்தார்.

வேனில் உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் பழுதைத் தேட ஆரம்பித்தேன். என் வேலையே அதுதான். மற்றவர்கள் செய்த சர்க்கியூட் போர்டுகளில் தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஐந்து வருடத்தில் என் வேலைக்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்டியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஹீட்டர் செத்திருந்தால் எண் முப்பதிலேயே நின்றிருக்க வேண்டும். ஏன் இறங்கியது? அறை என்ன திடீரென்று குளிர்ந்துவிட்டதா? சென்சாரின் இரண்டு கம்பிகளும் இடம் மாறினால்தான் இறங்கும். நானாவது மாற்றுவதாவது! சிவப்பைப் பிளஸ்ஸில்தானே வைத்தேன்?

அங்கேதான் தப்பு. மற்ற கம்பிகளில் சிவப்பு பிளஸ். நான் வாங்கிய அந்தச் சென்சாரில் சிவப்புதான் மைனஸ். பாக்கெட்டின் மேலேயே போட்டிருந்தது.

அப்படியென்றால் நுனி சூடாகச் சூடாக எண் இறங்கும். எண் இறங்குவதைப் பார்த்து, சூடு போதவில்லை என்று ஸ்டேஷன் முழு மின்சாரத்தையும் தள்ளிக்கொண்டே இருக்கும். அது கிடப்பதோ துணியின் மேல். வீட்டில் மாமா தனியாக.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க!"

"இங்கயா? என்னம்மா ஆச்சு?" என்றார் வேன்காரர்.

"வீடு பத்திக்கும்ணே, நிறுத்துங்க!"

ஆட்டோ பிடித்தேன். மாமாவின் போனுக்கு அடித்தேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தேன். மூன்றாவது முறைதான் உறைத்தது, அவருடைய காது மிஷின் என் மேஜையில் பிரிந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவும் எடுக்கவில்லை. அயர்னைப் போட்டுவிட்டு வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆட்டோக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கியது எனக்கு நினைவில்லை, இறங்கும்போது அவர்தான் சொன்னார்.

மாடிப்படியிலேயே கருகல் வாடை. சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினேன்.

வீடு எரியவில்லை. துணியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு ஓட்டை. பிளக் பிடுங்கப்பட்டிருந்தது. அயர்ன் தரையில் கிடந்தது. மாமா சமையலறைக் குழாயடியில் வலது கையை நீட்டிக்கொண்டு நின்றார். மூன்று விரல்களில் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் கத்தினார். காது மிஷின் இல்லாவிட்டால் அவருக்குக் கத்தித்தான் பேச வரும். "கருகுற வாசன வந்துச்சும்மா. துணிக்கு அடியில என்னன்னு பாக்கலாம்னு அந்த அயர்ன நுனியப் புடிச்சு எடுத்தேன். சும்மா எடுக்கல, நம்பர் பாத்துட்டுத்தான் தொட்டேன். சைபர்னு காட்டுச்சு."

டப்பாவின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். 'எண் ஐம்பதுக்குக் கீழே இருந்தால் மட்டும் தொடவும்.' மாமாவுக்காகவே எழுதி ஒட்டியது.

"கீழ வேற போட்டுட்டேன். உன் மிஷின நான்தான் கெடுத்துட்டேன் போலிருக்கு. கோவிச்சுக்காதம்மா."

"நீங்க இல்ல மாமா. நான்தான் கம்பிய மாத்திப் போட்டேன்."

"என்னது?"

"நான்தான் மாமா! தப்பு பண்ணது நான்தான்!"

அவர் தண்ணீரிலிருந்து கையை எடுத்தார். வெந்த அந்தக் கையையே காதருகில் குவித்து, என் பக்கம் சாய்ந்தார்.

"கேக்கலம்மா. இன்னும் சத்தமா சொல்லு."