பச்சை எண்ணெய்

“என்ன ஊத்தினீங்கன்னு மட்டும் சொல்லுங்க சார். திட்ட மாட்டேன்.”

“ஆயில்தான்.”

“தலைக்குத் தேய்க்கிறதும் எண்ணெய்தான். இது என்ன ஆயில்?”

மெக்கானிக் என் காரின் டிக்கிக்குள் இடுப்புவரை குனிந்திருந்தார். இடது பக்கத் தகட்டுக்குப் பின்னால்தான் கூரையைத் தூக்கி மடக்கும் சின்ன பம்பு இருக்கிறது. அதன் எண்ணெய்க் கிண்ணத்துக்குள் விரலை விட்டு எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார். மெதுவாக நிமிர்ந்தார்.

“பிரேக் ஆயிலா?”

“டிக்கியிலயே ஒரு பாட்டில் கிடந்துச்சு. முந்தி வச்சிருந்தவர் விட்டுட்டுப் போனது. பிரேக்கும் அழுத்தத்துலதானே வேலை செய்யுது, இதுவும் அப்படித்தானேன்னு...”

“யோசிச்சு வேற செஞ்சிருக்கீங்க.”

பட்டறைச் சுவரில் ‘நோயாளியின் உறவினர்கள் வெளியே அமரவும்’ என்று அவர் கையாலேயே எழுதிய பலகை தொங்கியது. முதன்முதலில் வந்தபோது அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

இந்தப் பம்புக்கென்று பச்சை நிறத்தில் தனி எண்ணெய் உண்டு என்றும், வேறு எதை ஊற்றினாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் பாலில் விழுந்த பிஸ்கட்டைப் போல ஊதிவிடும் என்றும் சொன்னார். அது எனக்குத் தெரியும். பச்சை எண்ணெய்க்கு நானே கடையில் சொல்லி வைத்திருந்தேன். வர நான்கு நாளாகும் என்றார்கள். என்னிடம் நான்கு நாள் இல்லை.

இருபத்திரண்டு வயதான இந்த நீல நிற, கூரை திறக்கும் கன்வெர்ட்டிபிளை நான் சொகுசுக்காக வாங்கவில்லை. போன வருடம் என் மனைவி அலுவலக லிஃப்டில் தனியாக ஐந்து மணி நேரம் மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளால் லிஃப்டில் மட்டுமல்ல, பஸ்ஸிலும் காரிலும் ஏற முடியவில்லை. குளியலறைக் கதவைக்கூடத் தாழிடுவதில்லை. பைக்கில் போகலாம் என்றால், ஹெல்மெட்டும் அவளுக்கு ஒரு மூடிய அறைதான். எட்டு மாதம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஒருநாள் ஜன்னலோரம் நின்றபடி, “மேல ஒண்ணுமே இல்லாத வண்டின்னா வருவேன்னு தோணுது” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அடுத்த வாரமே தேட ஆரம்பித்தேன்.

சனிக்கிழமைதோறும் அந்தக் காருக்குப் பணிவிடை செய்தேன். கதவோர ரப்பர்களுக்குக் கிரீஸ் தடவினேன். மழைநீர் வடியும் துளைகளில் நைலான் நூலை விட்டு இலைத் துணுக்குகளை எடுத்தேன். தோல் இருக்கைகளின் வெடிப்புகளைத் துடைத்தேன். அவள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

“என்னங்க, சக்களத்தியக் குளிப்பாட்டி முடிச்சாச்சா? பவுடர் போட்டு விடலயா?”

முதல்முறை அவள் ஏறியது என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பட்டனை அழுத்தினேன். கூரை எழுந்து, பின்னால் சாய்ந்து, தன்னைத்தானே மடித்துக்கொண்டு பின்பக்க மூடிக்குக் கீழே போயிற்று. அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று நொடி. ‘டக்’ என்ற சத்தம் கேட்டபிறகே காலை உள்ளே வைத்தாள். அன்று கடைத்தெரு வரை போனோம். எங்களைப் பார்த்தவர்கள் இரண்டு பணக்காரர்களைப் பார்த்ததாகத்தான் நினைத்திருப்பார்கள்.

முந்தின நாள் மச்சான் போன் செய்தார். அவள் அம்மாவுக்கு மிகவும் முடியவில்லை. ஆறு மணி நேரப் பயணம். அந்த வாரம்தான் கூரை பாதியில் நின்று நின்று போக ஆரம்பித்திருந்தது. கிண்ணத்தில் எண்ணெய் குறைந்திருந்தது. இருந்த பாட்டிலை ஊற்றினேன். கூரை அன்று மாலை அவ்வளவு அழகாகத் திறந்தது, அவ்வளவு அழகாக மூடியது. அவள் பை எடுத்து வைத்தாள். மறுநாள் காலையில் கூரை ஒரு சாண் எழுந்து நின்றுவிட்டது. நான் விடாமல் அழுத்தினேன். வலது பக்கம் ஏதோ முறிந்த சத்தம் கேட்டு, கூரை மறுபடி உட்கார்ந்துகொண்டது.

“என்னாச்சு?” என்று கேட்டாள்.

“பழைய வண்டி. அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

“பாவம், அவ மட்டும் என்ன பண்ணுவா” என்று பானட்டைத் தடவிக்கொடுத்தாள்.

“கையால மடக்க முடியாதா?” என்று இப்போது மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“பம்பைத் தளர்த்திட்டு மடக்கலாம். ஆனா நீங்க அமுக்கு அமுக்குன்னு அமுக்கினதுல கூரையைத் தாங்குற வலது கை வளைஞ்சு போய் நிக்குது. மடங்காது.”

“கூரைத் துணிய அறுத்துட்டா?”

“துணி போகும், கம்பி நிக்கும். உங்க வீட்டம்மா கூண்டுக்குள்ள உக்காருவாங்களா?”

“கம்பியையும் கழட்டிட்டா?”

“ரெண்டு நாள் குடுங்க.”

அப்போதுதான் மச்சான் மறுபடி கூப்பிட்டார். “மாப்ளே, கிளம்பிட்டீங்களா? சாயங்காலம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்றார். கண்ணைத் திறக்குறப்பல்லாம் அவளைத்தான் கேக்குறாங்க. எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க.”

“வந்துட்டே இருக்கோம்” என்றேன்.

மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். டிக்கியிலிருந்து ஒரு சின்ன ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டார். “இது இல்லாம பட்டன் வேலை செய்யாது. உங்ககிட்டயே இருக்கட்டும். போட்டுடாதீங்க. இன்னொரு தடவை அமுக்கினா மோட்டாரே எரிஞ்சிடும். எரியலேன்னாலும் திறக்கப் போறதில்ல.”

வீட்டு வாசலில் அவள் பையோடு நின்றிருந்தாள். தலையைப் படிய வாரி, இறுக்கிக் கட்டியிருந்தாள், காற்றில் பறக்காமலிருக்க. காரைப் பார்த்தாள்.

“மூடியிருக்கே.”

நான் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன். “இப்படியே போகலாமா? காத்து வரும்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“அண்ணன் எனக்கும் போன் பண்ணினார்” என்றாள்.

கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கால்கள் வெளியே இருந்தன. ஒரு காலை உள்ளே எடுத்தாள். வெகுநேரம் கழித்து இன்னொரு காலை. கதவை அவளே இழுத்து மூடினாள். அந்த மெல்லிய சத்தத்துக்கு அவள் தோள்கள் ஒரு தரம் துள்ளின. நான் வண்டியை எடுத்தேன். ஒரு வீடு, இரண்டு வீடு, முனையில் இருக்கும் தையல் கடை. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையின் ஈரம் இருக்கையின் தோலில் அப்படியே தடமாகப் பதிந்திருந்தது.

“நிறுத்துங்க.”

நிறுத்தினேன். இறங்குவாள் என்று கதவுப் பக்கம் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம். இறங்கினா மறுபடி ஏற மாட்டேன். எனக்குத் தெரியும்.”

தெருமுனைக்கு அப்பால் நெடுஞ்சாலை வெயிலில் கிடந்தது. தலைக்கு ஒரு சாண் மேலே, உட்பக்கத் துணியில் வலது மூலை மட்டும் கோணலாகத் தொங்கியது. அவள் அதைப் பார்க்காமலிருக்கக் கண்ணை இறுக மூடினாள். ஃபியூஸ் என் நெஞ்சின் மேல் இருந்தது. நான் செய்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

“என்னங்க, ஒரே ஒரு தடவ அந்தப் பட்டன அமுக்கிப் பாருங்களேன். முழுசா வேணாம். கொஞ்சம் திறந்தாக்கூடப் போதும்.”