யார் பின்னால் எடுப்பது

மலாக்கி அன்று கடலைக் காட்டிய லட்சணத்துக்குக் கடலே கோபித்துக்கொண்டிருக்கும். அயர்லாந்தின் பேரா தீபகற்பத்தைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி, கென்மேர் ஊரில் தன் சின்ன பஸ்ஸில் ஆட்களை ஏற்றியவன், ஓரிடத்திலும் உருப்படியாக நிறுத்தவில்லை. பாறைமேல் கடல்நாய்கள் வெயில் காய்வதைப் பார்க்க இறங்கியவர்கள் கேமராவை எடுப்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டான்.

"என்ன தம்பி, இப்டி வெரட்டுற?" என்றாள் முன்சீட்டிலிருந்த தெல்மா, பெல்ஃபாஸ்ட்காரி. "கடல் எங்கயும் ஓடிப் போயிடாது."

"மழை வருதும்மா."

"நேத்தும் வந்துச்சு, நாளைக்கும் வரும். நானும் இந்தத் தீவுலதான் பொறந்தேன், எங்கிட்டயேவா?"

மலாக்கி வண்டியைக் கிளப்பினான். அன்று அவன் அண்ணன் ஃபின்டனை அடக்கம் செய்கிறார்கள். போகக்கூடாது என்ற வீம்பில்தான் இந்தச் சவாரியை ஒப்புக்கொண்டான். ஆனால் காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சண்டை பெரிய சண்டையும் இல்லை. இதே ஒற்றைத் தடத்தில் ஒரு சாயங்காலம் இவன் பஸ்ஸும் அண்ணன் டிராக்டரும் நேருக்கு நேர் வந்து நின்றன. ஒருவர் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். இருவருமே எடுக்கவில்லை. கடைசியில் அண்ணி அட்ராக்டா வந்து, புருஷனை இறங்கச் சொல்லி, டிராக்டரைத் தானே பின்னால் எடுத்தாள். அந்த அவமானத்தை ஃபின்டன் விழுங்கவே இல்லை. அந்தப் பக்கத்தில் எதிரே வருகிறவன் யாரானாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அண்ணனும் தம்பியும் அதற்குப்பின் அந்த ஒரு விரலைக்கூட உயர்த்தவில்லை.

கல்லறைத் தோட்டம் வந்தது. புதிதாக வெட்டிய மண் மதிலுக்கு மேலே தெரிந்தது. மலாக்கி ஆக்சிலரேட்டரை மிதித்தான். தேவாலயத்திலிருந்து மேட்டு ரோட்டுக் குறுக்குவழியாகத்தான் வருவார்கள், அதற்குள் நாம் தாண்டிவிடலாம் என்பது அவன் கணக்கு. இறந்தவரை இந்தச் சுற்றுவழியில், நிதானமாகக் கொண்டுபோவதுதான் அந்த ஊர் வழக்கம். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்ததை அவன் மட்டும் வசதியாக மறந்திருந்தான்.

வளைவில் திரும்பினால், எதிரே சவ ஊர்தி. பின்னால் ஊரே நடந்து வந்துகொண்டிருந்தது.

அட்ராக்டா முன்னால் வந்து அவன் ஜன்னலோரம் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இந்தத் தடவையும் நான்தான் வந்து எடுக்கணுமா, மலாக்கி?"

"அண்ணி..."

"அவரால இனிமே எடுக்க முடியாதுடா."

அவன் ரிவர்ஸ் கியரைப் போட்டான். கண்ணாடியைப் பார்த்து மெல்லப் பின்னால் போனான். சவ ஊர்தி அவன் முகத்துக்கு எதிரே அதே வேகத்தில் வந்தது.

"ஒதுங்குற எடம் தாண்டிடுச்சே, தம்பி," என்றாள் தெல்மா.

"தெரியும்மா."

"யாரு அது?"

"எங்க அண்ணன்."

கல்லறைத் தோட்டத்து வாசல்வரை அவன் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான். வாசலைத் தாண்டி, ஊர்தி உள்ளே திரும்ப இடம் விட்டு நிறுத்தினான். கண்ணை நீர் மறைத்தது.

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினான்.

தனக்குத்தான் என்று நினைத்து, ஊர்தியை ஓட்டி வந்தவன் பதிலுக்கு ஒரு விரலை உயர்த்தினான்.