ஆடு தேடும் அந்தோனியார்

செவ்வாய்க்கிழமை காலையில் பாவாயி வாசலில் வந்து நின்றதுமே பெர்க்மான்ஸுக்கு எரிச்சல் வந்தது. அவள் தேடி வந்தது அவரை அல்ல. கால்நடை ஆய்வாளரான அவரை வாழவந்தி நாட்டு மலை ஊர்கள் முழுக்க ‘டாக்டருங்க’ என்றுதான் கூப்பிட்டார்கள்; அவரும் திருத்தியதில்லை. ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் அவரிடம் வருவார்கள். ஆட்டையே காணோம் என்றால் அவர் மனைவி ஜெசிந்தாவிடம் போவார்கள்.

“வெள்ளாடு ஒண்ணு முந்தாநாள்ல இருந்து ஊட்டுக்கு வரலீங்கம்மா. உங்க சாமிகிட்டச் சொல்லுங்க.”

ஜெசிந்தா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அலமாரி மேலிருந்த அந்தோனியார் சுரூபத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றினாள். மூக்கு நுனியில் சாயம் போன பிளாஸ்டர் உருவம். அவள் முட்டிபோட்டு முணுமுணுக்க, நெற்றி நிறையத் திருநீறு பூசிய பாவாயியும் பின்னால் கைகூப்பி நின்றாள். பெர்க்மான்ஸ் சவரம் செய்தபடி கண்ணாடியில் பார்த்தார். படிக்காதவளையாவது மன்னிக்கலாம். பி.எஸ்சி. முடித்தவளுக்கு என்ன கேடு? சாவியைக் காணோமா, அந்தோனியார். கேஸ் ரசீதைக் காணோமா, அந்தோனியார். ஆகஸ்டில் மாதா, நவம்பரில் கல்லறை, தவக்காலம் முழுக்கக் கறியில்லாத குழம்பு. பனி பிடித்த இந்தக் குவார்ட்டர்ஸில் அவள் வருஷத்தையே திருநாள்களாக நறுக்கி வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி வாழ்ந்தாள். அவருக்கு அது குரங்குப் பிழைப்பாகத் தெரிந்தது.

“உன்ற அந்தோனியாருக்கு இப்ப ஆடு மேய்க்கற வேலையா?” என்றார். அவள் ஜெபத்தை நிறுத்தவில்லை.

ஆடு சனிக்கிழமை கிடைத்தது. அதே ஊர்க்காரர் யுவராஜின் மிளகுத் தோட்டத்தில் கயிறு வேரில் சிக்கி, எட்டிய வரைக்கும் புல்லை மேய்ந்தபடி நின்றிருந்தது. யார் தேடியிருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் அன்று அந்தோனியார் திருநாள். பாவாயிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடு வந்துவிட்டாள். ஜெசிந்தா செம்மேட்டில் பன் வாங்கி வந்து, சுரூபத்தின் முன் வைத்து ஜெபித்து, அந்தோனியார் அப்பம் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேக்கரி பன்னுக்கு வந்த வாழ்வு என்று பெர்க்மான்ஸ் நினைத்துக்கொண்டார்.

பாவாயி பன்னைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ஆட்டுக்கெல்லாம் கேக்கறீங்க, உங்க புள்ளையக் கேக்கலீங்களா கண்ணு?”

பெர்க்மான்ஸ் பேப்பரை மடித்தார். ராசிபுரத்தில் செல்போன் கடை வைத்திருந்த வேறு சாதிக்காரனை மகள் மோனிஷா கட்டிக்கொண்டு போனதிலிருந்து, இந்த வீட்டில் அவள் பேச்சே எடுக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். கடைக்காரன் மனைவி என்று நினைக்கும்போதே அவருக்கு உதடு கோணிக்கொள்ளும்.

“அவ தொலையலீங்க பாவாயி,” என்றாள் ஜெசிந்தா. “ராசிபுரத்துல இருக்கா. பஸ்ஸு போகுது.”

குரலை உயர்த்தவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. பாவாயி போனதும் மிச்சமிருந்த பன்களைத் துணிப்பையில் போட்டாள்.

“திருநாள் அப்பம். அவளுக்கும் குடுத்துட்டு வந்துர்றேனுங்க.”

“அவ தின்னா உனக்கு மோட்சமா?”

“மோட்சமெல்லாம் இல்லீங்க. மாசமா இருக்கா. பசிக்குமில்ல.”

யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தார். கேட்டால் தனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். “போ. உன்ற சாமியவும் தூக்கிட்டுப் போ,” என்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டாள்.

பேப்பரை மறுபடி விரித்தார். ஒரு வரியும் ஓடவில்லை. கேட்க யாருமில்லாத வீட்டில், டீ குடிக்கப் போவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

டீக்கடைக்கு எதிரே ராசிபுரம் பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரத்தில் ஜெசிந்தா. விரல்களில் ஜெபமாலை, உதடு அசைந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் துணிப்பை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் இது என்ன மானக்கேடு என்று தோன்றியது. டீயை வாங்கினார், குடிக்கவில்லை. டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்ப, கண்ணாடிகளெல்லாம் அதிர்ந்தன. அப்போதுதான் அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உதடு அசைவதும் நிற்கவில்லை. பக்கத்து சீட்டிலிருந்த பையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.