செவ்வரளியில் காய்த்த வெள்ளி

அருள்செல்வனை நான் சபிக்கவில்லை. சாபம் பலிக்கிறவரை காத்திருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

பெருமாநல்லூரில் என் வீட்டை ஒட்டி அவனுடைய பனியன் கம்பெனி. நடுவில் கம்பிவேலி. அதில் என் பக்கமாக ஆடுதீண்டாப்பாளைக் கொடி ஏற்றியிருந்தேன். சிவப்புடல் அழகி என்கிற பட்டாம்பூச்சி அந்தக் கொடியை விட்டால் வேறு எதிலும் முட்டை வைக்காது. வருஷக்கணக்கில் காத்திருந்து, இந்த ஐப்பசியில்தான் முதல்முறையாகப் புழுக்கள் வந்தன. ஆபீசில் நாளெல்லாம் துணிக்குக் கலர் ஷேடு பார்த்துவிட்டு வந்து, அந்தப் புழுக்களின் கருஞ்சிவப்பைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால் அத்தனையும் செத்துக் கீழே கிடக்கின்றன. மருந்து நாற்றம் மூக்கைத் துளைக்கிறது.

"புழு புடிச்சுக் கெடந்துச்சுங்கக்கா. வெள்ளை பீஸ்ல ஏறிக் கறை பண்ணுச்சுன்னா பையர் சரக்கையே ரிஜெக்ட் பண்ணிருவானுங்க. அதான் உங்க பக்கமும் சேத்தி அடிச்சு உட்டனுங்க" என்றான் அருள்செல்வன். நான் நன்றி சொல்வேன் என்று வேறு நின்றான்.

"செரிங்க தம்பி" என்றேன். எங்கள் ஊரில் கழுத்தை நெரிக்கத் தோன்றினாலும் 'ங்க' போட்டுத்தான் பேச வேண்டும்.

அவன் உயிர் எதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கம்பெனி வாசலில் வரிசையாகச் செவ்வரளி. கிருத்திகை தவறாமல் அந்தப் பூவில் அவனே மாலை கட்டி முருகனுக்குச் சாத்துவான். வேறு யாரும் ஒரு பூவைத் தொட்டுவிட முடியாது. அரளி விஷச்செடி, ஆடுகூட வாய் வைக்காது. வெண்புள்ளிக் கருப்பன் என்கிற பட்டாம்பூச்சியின் புழுவுக்கோ அதுதான் விருந்து.

ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் ரோட்டுக்குப் போனேன். நடுத்திட்டு முழுக்க அரளிதான். லாரிக்காரர்கள் திட்டத் திட்ட, நன்றாகக் கொழுத்த புழுவாகப் பார்த்துப் பொறுக்கி டிபன் பாக்ஸை நிரப்பினேன். கம்பெனிக்கு லீவு, வாசலில் ஆளில்லை. கிளைக்குக் கிளை ஏற்றிவிட்டேன். "தின்னுங்க கண்ணுகளா" என்று வாய்விட்டே சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

ஷிப்மென்ட் நெருக்கடியில் அவன் செடிப்பக்கம் திரும்பவே இல்லை. கிருத்திகையன்று பூப்பறிக்க வருவான், மொட்டைக் கிளையைப் பார்த்து அலறுவான். அதைக் கேட்பதற்காகவே ஆபீசுக்கு லீவு போட்டேன்.

அலறல் வந்தது. ஆனால் "முருகா! முருகா!" என்று வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். கிளையெல்லாம் வெள்ளி தொங்குகிறது. கொழுத்ததாகப் பார்த்துப் பொறுக்கினேனே, அவை கூடாகிற பருவத்துப் புழுக்கள். அந்தக் கூடு வெள்ளி முலாம் பூசினாற்போல மின்னும். எனக்கு இது தெரியாததில்லை. ஆத்திரத்தில் யோசிக்கவில்லை.

"எலைய எடுத்துட்டு முருகன் வெள்ளி காய்க்க வெச்சுட்டாருங்க!" என்று கம்பெனி ஆட்கள் தேங்காய் உடைத்தார்கள். டைலர் காளியாத்தாள் அருள்செல்வன் காலிலேயே விழுந்தாள். என் பழிவாங்கல் அவனைச் சாமியாராக்கிவிட்டது.

அப்போது கூட்டத்தில் ஒருவர், "புழுக்கூடாட்ட இருக்குதுங்களே" என்றார்.

அருள்செல்வனுக்கு முகம் செத்துப்போனது. என்னைப் பார்த்தான். "அக்கா, பூச்சி சமாச்சாரம் உங்களுக்குத்தானுங்க தெரியும். புழுவாங்க இது? ஆமான்னா இப்பவே மருந்தடிச்சுப் போடறனுங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் சிரித்து அவன் மானம் கப்பலேறிவிடும். இத்தனை நாள் அதற்குத்தானே காத்திருந்தேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அடுத்த நிமிஷம் மருந்து வந்துவிடுமே. உள்ளே எல்லாவற்றுக்கும் இறக்கை முளைத்துக்கொண்டிருக்கிறது.

"புழுவுமில்ல ஒண்ணுமில்லீங்க தம்பி. முருகன் குடுத்ததுங்க. இந்தப் பக்கமே மருந்து கொண்டாந்துறாதீங்க" என்றேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. திருநீற்றுத் தட்டை முதலில் எனக்குத்தான் நீட்டினான். "கும்புட்டுக்குங்கக்கா" என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் பக்கத்திலேயே நின்று கும்பிட்டேன்.