மூன்றாம் எதிர்வாதியின் சோடியம்

உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைத் தாக்க மூன்று பேர் வருவார்கள். முதல் எதிர்வாதி கிழித்துத் தோரணம் கட்டுவார். இரண்டாமவர் பிழை பிடிப்பார். மூன்றாமவருக்குக் கிண்டலடிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதியிருந்த ராக்னில்ட் அந்த வேலைக்குத் தேடிப்பிடித்தது சிக்ஸ்டனை. மருத்துவ மாணவன், அவள் சாப்பிடும் அதே மெஸ்ஸில் சாப்பிடுகிறவன், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன்.

1922 மே மாதத்து அந்த மதியம் வேதியியல் அரங்கில் அவனுக்கே வாய் உலர்ந்திருந்தது. முதல் எதிர்வாதி பேராசிரியர் வெட்டர்லிங் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உப்பில் சோடியமும் குளோரினும் ஜோடியாக இல்லை, மின்னேற்றம் பெற்ற அயனிகளாகத் தனித்தனியே நிற்கின்றன என்பது ராக்னில்டின் ஆய்வு.

"இத்தன காலம் ஜோடியா இருந்ததுங்கள பிரிச்சு விட்டிருக்கீங்களே, எந்தக் கோர்ட்டுல விவாகரத்து வாங்குனீங்க?" என்றார் அவர். அரங்கம் சிரித்தது. ராக்னில்டின் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஆய்வேட்டுக்குக் கிடைக்கும் மதிப்பெண் குறைந்தால் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கும் வாய்ப்பு அவளுக்குப் போயே போச்சு.

சிக்ஸ்டனின் முறை வந்தது. கிண்டலுக்கென்று கொண்டுவந்து பையில் வைத்திருந்த, மண்ணெண்ணெயில் ஊறும் சோடியக் குப்பியை வெளியே எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. இன்னொரு சிரிப்பை அவள் தாங்க மாட்டாள். எழுந்து நின்று ஏதோ பாராட்டி முணுமுணுத்தான்.

"மண்ணெண்ணெய் வாசம் இங்க வரைக்கும் வருது," என்றாள் ராக்னில்ட். "கொண்டு வந்ததப் போடு."

வேறு வழியில்லாமல் குப்பியிலிருந்து ஒரு சிறு துண்டு சோடியத்தை எடுத்து மேசையிலிருந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டான். அது உருண்டு, சீறி, அங்குமிங்கும் ஓடி, கடைசியில் பட்டென்று வெடித்தது. முன்வரிசை பின்வாங்கியது.

"சோடியம் இப்படி வெடிக்குது. குளோரினோ விஷவாயு. ரெண்டும் உப்புல தனித்தனியா இருக்குன்னா, தினமும் உப்பு மீன் தின்னுட்டு நான் எப்படிங்க உயிரோட இருக்கேன்?" என்று கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மெஸ்ஸில் பேசும் குரல் அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது.

"சோடியத்தோட வெளி வட்டத்துல ஒரே ஒரு எலக்ட்ரான். அத யார் தலையிலயாவது கட்டுற வரைக்கும் அதுக்கு இருப்பு கொள்ளாது. இப்பத் தண்ணி தலையில கட்டிடுச்சு. நீங்க பாத்தது அந்தக் கலாட்டா. சோடியம் எங்கயும் போகல, இதுலதான் இருக்கு. ஒரு எலக்ட்ரானக் குடுத்ததால நேர் மின்னேற்றம் வந்து, சாதுவா இருக்கு."

சிவப்பு லிட்மஸ் தாளை அந்தத் தண்ணீரில் நனைத்தாள், நீலமானது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். "இதுல இருக்கற குளோரின் ஏற்கனவே ஒரு எலக்ட்ரான வாங்கிடுச்சு. எதிர் மின்னேற்றம். அதுக்கும் இனி யார்கிட்டயும் எதுவும் வேண்டாம். பாருங்க, சத்தமே இல்ல." தாள் நீலமும் சிவப்புமில்லாமல் நின்றதும், "இப்ப இது வெறும் உப்புத் தண்ணி," என்று பாத்திரத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள்.

சிக்ஸ்டனுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒருத்தியோடு தினமும் உட்கார்ந்து சாப்பிட்டும் இவள் யாரென்று தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தான்.

வெட்டர்லிங் எழுந்தார். "ரெண்டு மணி நேரமா நான் கேட்டப்ப ஏன் இதச் சொல்லல?"

"நீங்க ஜோடியப் பத்தித்தான் கேட்டீங்க, ஐயா. தனியா நிக்கறதப் பத்திக் கேக்கல."

கிழவர் கீழே இறங்கி வந்து, பாத்திரத்தை வாங்கி, தானும் ஒரு வாய் குடித்தார்.

"ஜோடி இல்லங்கறத நான் இன்னும் ஒத்துக்கல," என்றார். பாத்திரத்தை மேசையில் வைத்தார். "அத நீங்க உங்க வகுப்புல நடத்துங்க. வந்து கடைசி பெஞ்சுல உக்காந்து சண்ட போடுறேன்."