கேப்டன் முக்காலி

மெழுகு தடவிய நூலைப் பல்லில் கடித்து இழுத்து, ஒரு பயணப் பையின் கிழிந்த வாயைத் தைத்துக்கொண்டிருந்தார், பைகளுக்கு ஜிப்பு மாற்றித்தரும் ஜிப்புக்காரர். பைக்குச் சொந்தக்காரி எதிரே கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"அந்த முக்காலியில கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

"அது கேப்டன் முக்காலிம்மா," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "கப்பல் கேப்டன். புயல்ல கப்பல் முழுகிடுச்சு. அவர் மட்டும் இது மேல உக்காந்தபடியே கரைக்கு வந்து சேந்தார். சட்டைகூட நனையல. வேற யார் உக்காந்தாலும் தலை சுத்தி வாந்தி வரும். எதுக்கும்மா வம்பு?"

அவள் சிரித்தாள். ஆனாலும் உட்காரவில்லை.

அது சோப்புப் பெட்டிப் பலகையில் அவரே அடித்த முக்காலி. ஒரு கால் குட்டை. அது அவருடைய தச்சுத் திறமை. அதில் அவர் மனைவி உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தடவிக்கொடுப்பாள், பை கொண்டுவருகிறவர்களோடு வாயாடுவாள், இடையில் அவருடைய தையல் கோணலாகப் போவதையும் சொல்லிக்காட்டுவாள். முக்காலி சாயாமலிருக்கக் குட்டைக் காலின் அடியில் சிவப்புத் தோல் துண்டு ஒன்றை மடித்து ஆணியடித்து வைத்தவளும் அவள்தான். அவள் போய்ச் சேர்ந்த பிறகு முதன்முதலாக யாரோ அங்கே உட்காரப் போனபோது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாயில் கேப்டன்தான் வந்தார். அதன் பிறகு சொல்லச் சொல்லக் கேப்டனுக்குத் தாடி முளைத்தது. ஒரு சுறா அவருடைய இடது காதைக் கொண்டுபோனது. ஜிப்புக்காரர் தரையில் சாக்கை விரித்து அதில்தான் உட்கார்ந்தார்.

கடலை ஒட்டிய அந்தப் பெரிய தெருவில் உப்புக்காற்று பெயர்ப்பலகைகளை அரிக்கும். பலகை அரிபடுவதற்குள் கடையே மாறிவிடும். சட்டையைப் போட்டுப் பார்க்க உள்ளே போன ஒருவர் திரும்பி வெளியே வந்தபோது அது மருந்துக்கடையாகியிருந்தது என்றும், மனிதர் பதறாமல் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனார் என்றும் ஜிப்புக்காரர் சொல்வார். அவருடைய இடம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, ஒரு ஆள் கைகளை நீட்ட முடியாத சந்து. இடப்பக்கத்துக்குப் புதிதாக வருகிற முதலாளி, "நீங்க யாரோட ஆளு?" என்று கேட்டால் வலப்பக்கம் கை காட்டுவார். வலப்பக்கத்து முதலாளி கேட்டால் இடப்பக்கம். பக்கத்துக் கடைக்காரரோடு எதற்குச் சண்டை என்று இரண்டு பேரும் பேசாமல் போய்விடுவார்கள்.

ஒருநாள் காலை, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சந்தின் முன்னால் வந்து நின்றார்.

"பெரியவரே, நீங்க எந்தக் கடை ஆளு?"

இடப்பக்கம் கை காட்டினார்.

"அதை நான் வாங்கிட்டேன்."

கை வலப்பக்கம் போனது.

"அதையும்தான்."

ஜிப்புக்காரர் மேலே தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்தார். அதை இன்னும் யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை.

"ரெண்டையும் இடிச்சு ஒரே கடையா கட்டப்போறோம்," என்ற முதலாளி முக்காலியைக் காலால் தட்டினார். "இது என்ன?"

பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஆள் மனம் இளகினால் ஒரு மூலையாவது மிஞ்சும். புயல், சுறா, காது என்று எதையும் விடாமல் சொன்னார். அவ்வளவு நன்றாக அவர் அதுவரை சொன்னதே இல்லை. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். காரிலிருந்த மனைவியைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார்.

"அருமை பெரியவரே, அருமை!"

அன்று மாலை ஜிப்புக்காரர் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனார். எப்போதும்போல் கருவிப் பெட்டி கையில். முக்காலி சந்திலேயே இருந்தது.

காலையில் சந்தின் வாயைத் தகரம் போட்டு அடைத்திருந்தார்கள். கொத்தனார் மட்டும் தலையை நீட்டினார். "முக்காலியா? முதலாளியே காருல ஏத்திட்டுப் போனாரே. பத்திரமா இருக்கும், போங்கண்ணே."

எதிரே கடலோரக் கைப்பிடிச் சுவரின் மேல் கடை விரித்தார். அங்கே அடித்த காற்று ஊசியில் கோத்த நூலை உருவிக்கொண்டு போனது. பை கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். கோணல் தையலைச் சொல்லிக்காட்ட ஆளில்லை. அவரே பார்த்து, அவரே பிரித்து, மறுபடி தைத்தார்.

தகரத்தை எடுத்தபோது தோல் பைக்கடை ஒன்று நின்றது. முகப்பு முழுவதும் கண்ணாடி. சந்து இருந்த இடத்தில், விளக்கு வெளிச்சத்தின் கீழே, முக்காலி. பளபளக்க வார்னிஷ் அடித்திருந்தார்கள்.

வாசலில் நின்ற காவலாளி கை நீட்டித் தடுத்தான். "என்ன வேணும் பெரியவரே?"

"அந்த முக்காலி…"

"அது விக்கிறதுக்கில்ல. கப்பல் கேப்டனோடது. பெரிய புயலு, கப்பல் முழுகிடுச்சு, மனுஷன் இது மேலயே…"

"சட்டை நனையல," என்றார் ஜிப்புக்காரர்.

"ஆமா. அப்புறம் ஒரு சுறா…"

"தம்பி, அது சோப்புப் பெட்டி. என் சம்சாரம் உக்காந்தது. கவுத்துப் பாரு, அடியில சோப்புக் கம்பெனி முத்திரை இருக்கும்."

காவலாளி சிரித்துவிட்டான். "நல்லா கதை விடுறீங்க. தொடக்கூடாதுன்னு உத்தரவு. கதவை விட்டுத் தள்ளி நின்னுக்குங்க, முதலாளி வர்ற நேரம்."

ஜிப்புக்காரர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். காவலாளியின் பூட்ஸ் புதிது. அவன் இடது காலிலிருந்து வலது காலுக்கும் வலதிலிருந்து இடதுக்கும் உடம்பை மாற்றிக்கொண்டிருந்தான்.

"உனக்கு உக்கார ஒண்ணும் போடலையா?"

"நாள் முழுக்க நிக்கிறதுதான் வேலையே," என்றான் அவன். கண்ணாடிப் பக்கம் தலையை ஆட்டினான். "அதுல உக்காந்தா தலை சுத்துமாமே."

கண்ணாடிக்கு உள்ளே யாரும் உட்காராத முக்காலி சாயாமல் நின்றது. குட்டைக் காலின் அடியில் சிவப்புத் தோல் துண்டு, மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது.