நோயாளியாக நடித்தவள்

குழந்தை அழுதது. பக்கத்து வீட்டில் யாரோ அழுவது போலத்தான் அவளுக்குக் கேட்டது. கையில் மடிக்க வேண்டிய துணி இருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று நினைவில்லை.

"காது கேக்கலையா உனக்கு?" என்று மாமியார் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "பெத்தவ மரம் மாதிரி உக்காந்திருக்கா. என்ன சோம்பலோ!"

அவளுக்குக் கோபம் வரவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்தே எதுவும் வரவில்லை.

மருத்துவம் படிக்கும் நாத்தனார் உள்ளே வந்தாள். வீட்டில் அவளுக்கு டாக்டரம்மா என்றுதான் பெயர். மறுநாள் மனநலப் பாடத்தில் வாய்மொழித் தேர்வு. நோயாளியிடம் பேசி, நோயைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

"அண்ணி, நீங்கதான் இன்னிக்கு என் நோயாளி. அம்மாவ நடிக்கச் சொன்னா பேய் பிடிச்சு ஆடுறாங்க. நீங்க கல்யாணம் ஆகாத டீச்சர், சரியா? வாயில வந்ததச் சொல்லுங்க. எல்லாம் பொய்தானே."

பொய் என்பது அவளுக்கு வசதியாக இருந்தது. பொய்க்கு யாரும் திட்ட மாட்டார்கள்.

"தூக்கம் எப்படி, டீச்சர்?"

"விடியறதுக்கு முன்னாடியே போயிடுது. கொட்டக் கொட்ட முழிச்சிருப்பேன்."

"சாப்பாடு?"

"மண்ண மெல்லுற மாதிரி இருக்கு."

"முன்ன பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதா?"

"பிடிக்கிறதுன்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

"அடேயப்பா! புத்தகத்துல இருக்கிறது அப்படியே வருதே! குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

"எங்கம்மாவுக்கு. தம்பி பொறந்ததும் பேச்ச நிறுத்திட்டாங்க. அப்புறம் தன்னையே முடிச்சுக்கிட்டாங்க. வெளியில காய்ச்சல்னு சொல்லிட்டோம்."

"கத நல்லாக் கட்டுறீங்க அண்ணி!" டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள். "செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா?"

"தோணுது. குழந்தைய அத்தை பாத்துப்பாங்க. அந்தக் கவலை இல்ல."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது.

"அண்ணி... டீச்சருக்குக் குழந்தை ஏது?"

அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அது இன்னும் மடிக்கப்படாமல் இருந்தது.

டாக்டரம்மா எழுந்து, குழந்தையோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, அண்ணன வரச் சொல்லு. அண்ணிய இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு என்னடி இது? பிள்ளை பெத்த உடம்பு, அப்படி இப்படித்தான் இருக்கும். நாங்கெல்லாம் பெக்கலையா?"

"பெத்தீங்க. அண்ணியோட அம்மாவும்தான் பெத்தாங்க."

மாமியார் இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அந்தக் கை யாருடையதோ போல இருந்தது அவளுக்கு. ஆனாலும் இழுத்துக்கொள்ளவில்லை.

"நான் வரேன்," என்றாள் மெல்ல. "ஆனா போனா சரியாகுமா?"

"கொஞ்ச நாளாகும். சரியாகும் அண்ணி. நான் கூடவே இருப்பேன்."

பிறகு டாக்டரம்மா தாயிடம் திரும்பினாள்.

"உடம்பு சுட்டா நெத்தியத் தொட்டுப் பாக்குறோம். மனசு படுத்துட்டா சோம்பேறின்னு பேரு வைக்கிறோம். இது சோம்பலும் இல்ல, திமிரும் இல்ல. நோய்மா. வைத்தியம் இருக்கிற நோய். எத்தன மாசமா ஒரே வீட்ல இருக்கோம்! 'எப்படி இருக்கே'ன்னு கேக்க எனக்கே ஒரு பரீட்சை வேண்டியிருந்துச்சு. கேட்டப்பவும் நடிப்புன்னு சிரிச்சேன். கேட்டா மட்டும் போதாதும்மா, சொல்றத நம்பணும்."